அட்டையைக் காட்ட மறுத்தவர்

1950 டிசம்பர் 7. வடக்கு லண்டனில் பின்ச்லி என்ற பகுதி. பல்லார்ட்ஸ் லேன் வழியாகக் காரில் போய்க்கொண்டிருந்த ஒருவரை ஹரால்ட் மக்கிள் என்ற போலீஸ்காரர் நிறுத்தினார். வண்டியை வேகமாக ஓட்டி வந்ததாகச் சந்தேகம். நிறுத்தியவுடன் அந்தக் காலத்து வழக்கப்படி தேசிய அடையாள அட்டையைக் கேட்டார். ஓட்டி வந்தவர் காட்ட முடியாது என்றார். தான் ஒரு லிபரல் கட்சிக்காரன், இதெல்லாம் தனக்குப் பிடிக்காது என்று காரணமும் சொன்னார். இரண்டு நாளுக்குள் ஏதாவது ஒரு காவல் நிலையத்தில் அட்டையைக் காட்டும்படி ஒரு படிவத்தை நீட்டினார் போலீஸ்காரர். அதையும் அவர் ஏற்கவில்லை.

மறுத்தவர் பெயர் கிளாரன்ஸ் வில்காக். வயது 54. டிரை கிளீனிங் நிறுவனம் ஒன்றின் மேலாளர். லிபரல் கட்சி சார்பில் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றவர். அப்போது அந்தக் கட்சியில் நின்றவர்களில் பெரும்பாலோர் தோற்றவர்கள்தான், அதில் விசேஷம் ஒன்றுமில்லை. ஆனால் சாலையோரத்தில் நடந்த இந்தச் சின்னத் தகராறு பிரிட்டனின் அடையாள அட்டைக்கே முடிவு கட்டும் வழக்காக வளர்ந்தது. அரசு தன் குடிமகனிடம் எதையெல்லாம் கேட்கலாம், எந்தக் காரணத்துக்காகக் கேட்கலாம் என்ற கேள்வி அந்த நாட்டில் எப்போது எழுந்தாலும் இந்த வழக்கின் பெயர் அடிபடும்.

அந்த அட்டை எப்படி வந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

முதல் உலகப் போரின்போதே பிரிட்டன் ஒரு தேசியப் பதிவேடு வைத்துப் பார்த்தது. 1915 ஆகஸ்ட் 15 அன்று, 15 வயது முதல் 65 வயது வரை உள்ள ஆண், பெண் எல்லோரும் விவரம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். படையில் சேராமல் எத்தனை ஆண்கள் மிச்சம் இருக்கிறார்கள் என்று எண்ணுவதுதான் உண்மையான நோக்கம். எண்ணி முடித்ததும் 1916இல் கட்டாய ராணுவ சேவை வந்தது. ஆனால் பதிவேடு நாளாக நாளாகப் பயனற்றுப் போனது. வீடு மாறியவர்கள் சொல்லவில்லை, அட்டையைத் தொலைத்தவர்கள் கவலைப்படவில்லை. ஏன் கவலைப்பட வேண்டும்? அந்த அட்டையால் அவர்களுக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லையே!

இதை நன்றாகக் கவனித்து வைத்திருந்தவர் சர் சில்வேனஸ் விவியன். பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளுக்கெல்லாம் பொறுப்பான தலைமைப் பதிவாளராகப் பின்னாளில் வந்தவர். அடுத்த போருக்கான திட்டத்தைப் போடும்போது அவர் கண்டுகொண்ட உண்மை இதுதான்: அடையாள அட்டைக்குத் தனியாக உயிர் கிடையாது. உயிருள்ள வேறொன்றின் மேல் ஒட்டிக்கொண்டால்தான் அது வாழும். மரத்தின் மேல் புல்லுருவி வாழ்வதைப் போல. மக்கள் விட்டுக்கொடுக்கவே முடியாத ஒன்றோடு அட்டையை முடிச்சுப் போட வேண்டும். போர்க்காலத்தில் அப்படிப்பட்டது என்ன? சாப்பாடுதான். அட்டை இருந்தால்தான் ரேஷன் புத்தகம், ரேஷன் புத்தகம் இருந்தால்தான் வெண்ணெய், சர்க்கரை, பன்றி இறைச்சி. இப்படி முடிந்துவிட்டால் எவரும் அட்டையைத் தொலைக்க மாட்டார்கள், வீடு மாறினால் தாங்களே ஓடிவந்து சொல்வார்கள். ஒரு அதிகாரி இவ்வளவு தெளிவாக மனித இயல்பைப் படித்து வைத்திருந்தது ஆச்சரியம்தான். கொஞ்சம் பயமும் கூட.

1939 செப்டம்பர் 3 அன்று போர் அறிவிக்கப்பட்டது. இரண்டே நாளில், 5ஆம் தேதி, தேசியப் பதிவுச் சட்டம் நிறைவேறியது. செப்டம்பர் 29 வெள்ளிக்கிழமை பதிவு நாள். சுமார் 65,000 கணக்கெடுப்பாளர்கள் வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள். பெயர், பிறந்த தேதி, ஆணா பெண்ணா, மணமானவரா, என்ன தொழில் — இப்படிச் சில கேள்விகள்தான். 4 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரம் சேர்ந்தது. மங்கிய பழுப்பு நிறத்தில் மடித்து வைக்கக்கூடிய ஒரு காகித அட்டை கையில் கொடுக்கப்பட்டது. சாதாரண மக்களின் அட்டையில் புகைப்படமும் இல்லை, கைரேகையும் இல்லை. பெயர், விலாசம், ஒரு எண். 1940 ஜனவரி 8 அன்று ரேஷன் தொடங்கியது. விவியனின் கணக்கு பலித்தது.

நாடாளுமன்றத்தில் சட்டம் வந்தபோது மூன்று காரணங்களே சொல்லப்பட்டன. படைக்கு ஆள் சேர்ப்பது, நாட்டின் பாதுகாப்பு, உணவுப் பங்கீடு. ஹிட்லரோடு போர் நடக்கும்போது இதை எதிர்த்துப் பேச யாருக்கு மனம் வரும்? மக்களும் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் 1950 வாக்கில் அந்த அட்டையைப் பயன்படுத்திய அரசு வேலைகளின் எண்ணிக்கை 39 ஆகிவிட்டது! மூன்று எப்படி முப்பத்தொன்பது ஆனது? யாரும் சதி செய்யவில்லை. ஒவ்வொரு இலாகாவும் தன் வசதிக்காக, அட்டைதான் எல்லோரிடமும் இருக்கிறதே, அதையே கேட்டுவிடலாமே என்று நினைத்தது. ஒவ்வொரு தடவையும் அது நியாயமான சின்ன வசதியாகத்தான் தெரிந்திருக்கும். போலீஸ்காரர்களுக்கும் அது பழக்கமாகிவிட்டது. வண்டியை நிறுத்தினால் அட்டை, தெருவில் சந்தேகம் வந்தால் அட்டை.

போர் 1945இல் முடிந்தது. அட்டை முடியவில்லை. அப்போது ஆட்சியில் இருந்தது அட்லியின் லேபர் அரசு. பதிவேட்டுக்குப் பொறுப்பான சுகாதார அமைச்சர் அன்யூரின் பெவன். வேடிக்கை என்னவென்றால், உள்நாட்டிலேயே ஒருவன் பாஸ்போர்ட்டுடன் நடமாட வேண்டும் என்பது வெளிநாட்டுப் பயணத்துக்குப் பாஸ்போர்ட் கேட்பதைவிட மோசமானது என்ற கருத்தை 1947இல் அதே பெவன்தான் சொன்னார். ஆனாலும் ரேஷன் இருக்கும்வரை அட்டை வேண்டும் என்பது அரசின் நிலை. ரேஷனோ முடிகிற மாதிரி தெரியவில்லை. 1951 ஏப்ரலில் பிரிட்டிஷ் இல்லத்தரசிகள் சங்கத்துப் பெண்கள் நாடாளுமன்றத்துக்கு வெளியே கூடி அட்டைகளை அழித்து எதிர்ப்புக் காட்டினார்கள். அட்டை என்ற சொல்லே வரிசையில் நிற்பதையும் தட்டுப்பாட்டையும் நினைவூட்டும் சொல்லாகிவிட்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் வில்காக்கின் வழக்கு வந்தது. மாஜிஸ்திரேட்டுகள் முன்னால் அவர் வைத்த வாதம் எளிமையானது. இது அவசர காலச் சட்டம், அவசரம் முடிந்துவிட்டது, ஆகவே சட்டமும் முடிந்துவிட்டது. மாஜிஸ்திரேட்டுகள் அவரைக் குற்றவாளி என்றார்கள், ஆனால் கடுமையான தண்டனை எதுவும் விதிக்கவில்லை. அவர் விடவில்லை, மேல்முறையீடு செய்தார். ஒரு அட்டையைக் காட்ட மறுத்த வழக்குக்கு ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு கூடியது. தலைமை வகித்தவர் இங்கிலாந்தின் தலைமை நீதிபதி கோடார்ட் பிரபு.

அரசுத் தரப்பின் வாதத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். சட்டத்தின் கடைசிப் பிரிவுகளில் ஒன்று, இந்தச் சட்டம் பிறக்கக் காரணமான அவசர நிலை முடிந்துவிட்டதென்று அரசாணை வரும்வரை சட்டம் நீடிக்கும் என்கிறது. அப்படி ஓர் ஆணை வரவில்லை. 1939இல் ஒரே ஒரு அவசர நிலை இல்லை, பல இருந்தன, சில முடிந்தன, சில முடியவில்லை என்று அட்டர்னி ஜெனரல் சர் பிராங்க் சாஸ்கிஸ் விளக்கினார். கேட்க வேடிக்கையாக இருந்தாலும் சட்டப்படி அது சரிதான். 1951 ஜூன் 26 அன்று வில்காக் தோற்றார்.

ஆனால் தோற்ற வழக்கின் தீர்ப்பில் கோடார்ட் பிரபு சொன்னவைதான் சரித்திரம். இந்தச் சட்டம் நாட்டின் பாதுகாப்புக்காக இயற்றப்பட்டது, இப்போது அது பயன்படுத்தப்படும் காரியங்களுக்காக அல்ல என்றார். கடை வாசலில் காரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் நிறுத்திவிட்ட ஒரு பெண்மணியிடம் போய் அடையாள அட்டையைக் கேட்பது அறிவுக்குப் பொருந்தாது என்றார். இப்படி எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே போனால் சட்டத்தை மதிப்பவர்களையும் சட்டத்தை மீறுகிறவர்களாக மாற்றிவிடும், மக்கள் போலீஸுக்கு உதவுவதற்குப் பதிலாக முட்டுக்கட்டை போடத் தொடங்குவார்கள் என்றும் எச்சரித்தார். வழக்குச் செலவை வில்காக் தலையில் கட்டவும் மறுத்துவிட்டார்.

இதைச் சொன்னவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். கோடார்ட் இளகிய மனம் படைத்த சீர்திருத்தவாதி அல்ல. தூக்குத் தண்டனை வேண்டும், கசையடி வேண்டும் என்று வாதாடியவர். அந்தக் காலத்தின் மிகக் கண்டிப்பான நீதிபதிகளில் ஒருவர். அப்படிப்பட்டவரே இது சரியில்லை என்று சொன்னதால்தான் அரசால் அதைத் தள்ளிவிட முடியவில்லை. தீர்ப்புக்குப் பிறகு வில்காக் லண்டன் நேஷனல் லிபரல் கிளப் வாசலில் பத்திரிகையாளர்கள் முன்னால் தன் அட்டையைக் கிழித்துப் போட்டார்.

1951 அக்டோபரில் சர்ச்சிலின் கன்சர்வேடிவ் கட்சி ஆட்சிக்கு வந்தது. 1952 பிப்ரவரி 21 அன்று சுகாதார அமைச்சர் ஹாரி குரூக்ஷாங்க் மக்களவையில் எழுந்து, இனி யாரும் அடையாள அட்டையைக் கொண்டுசெல்லத் தேவையில்லை என்று அறிவித்தார். ரேஷனுக்காகத்தான் அட்டை என்று இத்தனை நாள் சொன்னார்கள் அல்லவா? அட்டை போன பிறகும் ரேஷன் 1954 ஜூலை வரை நடந்தது. இதிலிருந்தே எது எதைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று புரியும். அதே 1952 டிசம்பரில், ஒரு விவாதத்தின் நடுவே வில்காக் மயங்கி விழுந்து இறந்தார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால் அட்டைதான் செத்தது, எண் சாகவில்லை. 1948இல் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது நோயாளிகளுக்குப் புதிதாக எண் கொடுக்காமல் அந்தப் பதிவு எண்ணையே கொடுத்திருந்தார்கள். 1990கள் வரை பழைய தலைமுறையினரின் மருத்துவ எண், போரின்போது தங்கள் வீட்டுக் கதவைத் தட்டிய கணக்கெடுப்பாளர் எழுதிக் கொடுத்த எண்தான். 1939 பதிவேட்டின் பக்கங்களில் பின்னாளில் மணமான பெண்களின் புதுப் பெயர்களை எழுத்தர்கள் பல ஆண்டுகள் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார்கள். 1931 கணக்கெடுப்பின் தாள்கள் 1942இல் தீக்கிரையாகிவிட்டன, 1941இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. ஆகவே 1921க்கும் 1951க்கும் நடுவே அந்த நாட்டு மக்களைப் பற்றி மிஞ்சியிருக்கும் முழுமையான பதிவு இது ஒன்றுதான். 2015இல் அது இணையத்தில் ஏறியது. இப்போது பேரப்பிள்ளைகள் தாத்தா பாட்டியைத் தேடுகிறார்கள். சுதந்திரத்தின் பேரில் எதிர்க்கப்பட்ட ஒரு பதிவேடு சரித்திர ஆர்வலர்களுக்குப் பொக்கிஷமாகிவிட்டது. இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த ஐம்பது ஆண்டுகள் அமைதி. அவ்வப்போது ஏதாவது ஒரு அமைச்சர் பேச்செடுப்பார், அடங்கிவிடும். 2001 செப்டம்பர் 11 தாக்குதல் எல்லாவற்றையும் மாற்றியது. டோனி பிளேர் அரசின் உள்துறை அமைச்சர் டேவிட் பிளங்கெட் யோசனையை மீண்டும் எடுத்தார். 2002இல் அதற்கு வைத்த பெயர் உரிமை பெறும் அட்டை. அரசின் சலுகைகளைப் பெற உங்களுக்கு உரிமை உண்டு என்று நிரூபிக்கும் அட்டையாம். பெயர் எடுபடவில்லை. பிறகு நேரடியாகவே அடையாள அட்டை என்றார்கள். எதற்காக என்று கேட்டால் பதில் மாதத்துக்கு ஒன்றாக மாறியது. பயங்கரவாதம் என்றார்கள், சலுகை மோசடி என்றார்கள், சட்டவிரோதக் குடியேற்றம் என்றார்கள், அடையாளத் திருட்டு என்றார்கள். 2005 ஜூலை 7 அன்று லண்டன் ரயில்களிலும் பேருந்திலும் குண்டுகள் வெடித்து 52 பேர் இறந்தார்கள். அட்டை இருந்திருந்தால் இதைத் தடுத்திருக்க முடியுமா என்று கேட்டபோது, புது உள்துறை அமைச்சர் சார்லஸ் கிளார்க் சந்தேகம்தான் என்று ஒப்புக்கொண்டார். அவர் நேர்மையைப் பாராட்ட வேண்டும். ஆனாலும் மசோதா நிற்கவில்லை.

2006 மார்ச் 30 அன்று அடையாள அட்டைகள் சட்டம் நிறைவேறியது. 1939ஐப் போலில்லை இது. அட்டை வெறும் முகப்பு. பின்னால் தேசிய அடையாளப் பதிவேடு என்ற மாபெரும் கணினித் தொகுப்பு. முகம், விரல் ரேகை, கண்ணின் கருவிழி, பழைய விலாசங்கள் என்று ஏறக்குறைய 50 வகை விவரங்களைச் சேர்க்கச் சட்டம் இடம் கொடுத்தது. யார் யார் எப்போது உங்கள் விவரத்தைச் சரிபார்த்தார்கள் என்பதும் பதிவாகும். அதாவது நீங்கள் எந்த வங்கிக்குப் போனீர்கள், எந்த மருத்துவமனைக்குப் போனீர்கள் என்ற சுவடு அரசிடம் சேர்ந்துகொண்டே போகும். விலாசம் மாறியதைச் சொல்லாவிட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம்.

விவியனின் புல்லுருவித் தத்துவம் இங்கும் வந்தது. இந்த முறை ஒட்டிக்கொண்ட மரம் பாஸ்போர்ட். பாஸ்போர்ட் புதுப்பிக்க வருபவரின் பெயர் பதிவேட்டிலும் ஏறும். லேபர் கட்சியின் தேர்தல் அறிக்கை இதைத் தொடக்கத்தில் விருப்பத்தின் பேரில் என்று சொல்லியிருந்தது. விருப்பம் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று பிரபுக்கள் அவையில் பெரும் சண்டை நடந்தது. பாஸ்போர்ட் எடுக்காமல் இருந்துகொள்ளலாமே, அதனால் இது விருப்பம்தான் என்றது அரசு. வெளிநாடு போகாமல் வீட்டிலேயே இருப்பது ஒரு விருப்பமா என்று கேட்டார்கள் பிரபுக்கள். மக்களால் தேர்ந்தெடுக்கப்படாத அவை, தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்கு அதன் தேர்தல் அறிக்கையையே எடுத்துப் படித்துக் காட்டியது! மசோதா பலமுறை திருப்பியனுப்பப்பட்டு, கடைசியில் ஒரு சமரசத்தோடு நிறைவேறியது. 2010 வரை அட்டை வேண்டாம் என்று சொல்லலாம், ஆனால் பதிவேட்டில் பெயர் ஏறுவதைத் தடுக்க முடியாது.

செலவு 584 கோடி பவுண்டு என்றது அரசு. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் 2005இல் வெளியிட்ட ஆய்வு 1,060 கோடி முதல் 1,920 கோடி வரை ஆகும் என்றது. அமைச்சர்கள் அந்த ஆய்வின் மேல் பாய்ந்தார்கள். உண்மையில், சாதாரண வாக்காளரை யோசிக்க வைத்ததில் தனிமனித உரிமைக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு இந்தச் செலவுக் கணக்குக்கும் உண்டு.

அதே ஆண்டுகளில் வேறு சட்டங்கள் என்ன ஆயின என்று பார்த்தால், கோடார்ட் பிரபு சொன்ன அந்தக் கடை வாசல் பெண்மணி மறுபடி மறுபடி வருகிறார். 2005 செப்டம்பரில் பிரைட்டன் நகரில் லேபர் கட்சி மாநாடு. ஈராக் போரை நியாயப்படுத்தி வெளியுறவு அமைச்சர் ஜாக் ஸ்ட்ரா பேசிக்கொண்டிருக்கும்போது, அபத்தம் என்று ஒரு சொல் சத்தமாகச் சொன்னார் வால்டர் வொல்ப்கேங் என்ற உறுப்பினர். வயது 82. சிறுவனாக நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர். அவரைத் தூக்கி வெளியே விட்டார்கள். திரும்ப உள்ளே வர முயன்றபோது பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின்கீழ் போலீஸ் நிறுத்தியது. மறுநாள் பிளேர் மன்னிப்புக் கேட்டார், வொல்ப்கேங் கைதட்டலோடு திரும்பி வந்தார். ஆனால் அந்தச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, சந்தேகமே இல்லாமல் யாரையும் சோதிக்கலாம் என்ற பிரிவு, லண்டன் முழுவதற்கும் 2001 முதல் இடைவிடாமல் அமலில் இருந்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2010இல்தான் அதைத் தவறு என்றது.

2008இல் பூல் என்ற ஊரின் நகராட்சி ஒரு குடும்பத்தை ஏறக்குறைய மூன்று வாரம் ரகசியமாகப் பின்தொடர்ந்தது. என்ன குற்றம்? நல்ல பள்ளியில் இடம் வாங்குவதற்காகப் பொய் விலாசம் கொடுத்திருப்பார்களோ என்று சந்தேகம். இரண்டு பிள்ளைகள் மூன்று பிள்ளைகள் உள்ள எந்தத் தாய் தகப்பனும் பள்ளி இடத்துக்காகப் படும் பாடு தெரியாதா? வேவு பார்க்கப் பயன்பட்டது 2000ஆம் ஆண்டின் புலனாய்வு அதிகாரங்கள் சட்டம். பயங்கரவாதிகளையும் பெருங்குற்றவாளிகளையும் கண்காணிக்க என்று மக்கள் நினைத்திருந்த சட்டம். குடும்பம் சொன்ன விலாசம் சரியாகவே இருந்தது. 2010இல் அந்தக் கண்காணிப்பு சட்டவிரோதம் என்று தீர்ப்பாயம் சொன்னது.

அடையாள அட்டைத் திட்டத்தின் மேல் விழுந்த பெரிய அடி மட்டும் எந்தப் போராட்டத்தாலும் வரவில்லை. இரண்டு சிடிகளால் வந்தது. 2007 அக்டோபரில் வருவாய்த் துறையின் அலுவலகம் ஒன்றிலிருந்து லண்டனில் இருந்த தணிக்கை அலுவலகத்துக்கு இரண்டு சிடிகள் சாதாரணத் தபாலாக, பதிவு கூடச் செய்யாமல் அனுப்பப்பட்டன. குழந்தை உதவித்தொகை வாங்கும் எல்லாக் குடும்பங்களின் பெயர், விலாசம், பிறந்த தேதி, வங்கிக் கணக்கு விவரம் அதில் இருந்தன. மொத்தம் 2.5 கோடிப் பேர். சங்கேதக் குறியீட்டுப் பாதுகாப்பு இல்லை, வெறும் கடவுச்சொல் மட்டும். சிடிகள் போய்ச் சேரவில்லை. நவம்பர் 20 அன்று நிதியமைச்சர் அலிஸ்டேர் டார்லிங் மக்களவையில் இதைச் சொன்னபோது உறுப்பினர்களே திகைத்துப் போனார்கள். அவை கிடைக்கவே இல்லை. அரசு கெட்டது என்று நம்பாதவர்கள்கூட, அரசு அஜாக்கிரதையானது என்று அன்று நம்பினார்கள். கைரேகையை இவர்களிடமா கொடுப்பது?

2009 நவம்பரில் மான்செஸ்டரில் விருப்பப்பட்டவர்களுக்கு 30 பவுண்டுக்கு அட்டை விற்பனை தொடங்கியது. மொத்தத்தில் வாங்கியவர்கள் சுமார் 15,000 பேர். 2010 மே மாதம் ஆட்சி மாறியது. கன்சர்வேடிவ், லிபரல் டெமாக்ரட் கூட்டணி அரசு ஆண்டு முடிவதற்குள் சட்டத்தை ரத்து செய்தது. 30 பவுண்டு திரும்பக் கிடைக்காது என்றும் சொல்லிவிட்டது. 2011 பிப்ரவரியில் எசெக்ஸில் ஒரு தொழிற்கூடத்தில், பதிவேடு இருந்த சுமார் 500 ஹார்டு டிஸ்க்குகளை இயந்திரத்தில் போட்டு நொறுக்கினார்கள். கோட்டு, கண்ணாடி, பாதுகாப்புக் கவசம் சகிதம் நின்று டிஸ்க்குகளைத் தானே உள்ளே தள்ளினார் குடியேற்றத் துறை அமைச்சர் டேமியன் கிரீன்.

அவர் அங்கே நின்றதில் ஒரு பொருத்தம் உண்டு. 2008 நவம்பரில், எதிர்க்கட்சி உறுப்பினராக இருந்தபோது, உள்துறை ரகசியங்கள் கசிந்த விவகாரத்தில் அதே கிரீனைப் பயங்கரவாதத் தடுப்பு போலீஸார் கைது செய்தார்கள். நாடாளுமன்றத்தில் இருந்த அவருடைய அலுவலகத்தை வாரண்ட் இல்லாமலேயே சோதனை போட்டார்கள். டிஎன்ஏ மாதிரியும் எடுத்தார்கள். வழக்கே தொடரப்படவில்லை. தன் டிஎன்ஏவைப் பதிவிலிருந்து நீக்க வைக்க அவர் தனியாகப் போராட வேண்டியிருந்தது. நாடாளுமன்ற உறுப்பினருக்கே இந்த நிலை என்றால் தெருவில் போகும் இளைஞனுக்கு?

ஆனால் அன்று எசெக்ஸில் எல்லாம் நொறுங்கிவிடவில்லை. 2006 சட்டம் போனது குடிமக்களுக்குத்தான். வெளிநாட்டவர்களுக்கான கைரேகை அட்டை 2008 நவம்பரில் தொடங்கியது தொடர்ந்தது. யாரும் அதற்காக ஊர்வலம் போகவில்லை. தன் சுதந்திரத்துக்குக் குரல் கொடுத்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரரின் சுதந்திரத்துக்கு அவ்வளவாகக் கொடுக்கவில்லை.

அதன் விலையை வின்ட்ரஷ் தலைமுறை கொடுத்தது. 1948 முதல் கரீபியன் தீவுகளிலிருந்து சட்டப்படி பிரிட்டனுக்கு வந்து, உழைத்து, வரி கட்டி, அங்கேயே முதுமை அடைந்தவர்கள் அவர்கள். பலரிடம் எந்தக் காகிதமும் இல்லை, ஏனென்றால் யாரும் கேட்டதில்லை. 2014, 2016 குடியேற்றச் சட்டங்கள் வீட்டுக்காரரையும் முதலாளியையும் வங்கியையும் காகிதம் கேட்கச் சொன்னன. அவர்கள் வந்திறங்கியதற்குச் சாட்சியான பழைய இறங்குசீட்டுகளை 2010இல் உள்துறையே அழித்திருந்தது. வேலை போயிற்று, மருத்துவம் மறுக்கப்பட்டது, சிலர் நாடு கடத்தவே பட்டார்கள். 2018இல் விஷயம் வெடித்து உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார். அட்டை இருந்திருந்தால் இவர்கள் தப்பியிருப்பார்கள் என்று அட்டையின் ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அட்டை கொடுக்கும் அதே உள்துறைதான் இறங்குசீட்டை அழித்த உள்துறையும்.

2025 செப்டம்பரில் பிரதமர் கீர் ஸ்டார்மர் புதிய டிஜிட்டல் அடையாளத்தை அறிவித்தார். இந்த முறை காகிதமும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை, கைப்பேசிக்குள் இருக்கும். தெருவில் எந்தப் போலீஸ்காரரும் கேட்க மாட்டார் என்று உறுதி சொன்னார்கள். வில்காக்கின் கதையைப் படித்திருக்கிறார்கள் போலிருக்கிறது. ஆனால் பிரிட்டனில் வேலைக்குச் சேர வேண்டுமென்றால் அது கட்டாயம் என்றார்கள். 1939இல் ரேஷன், 2006இல் பாஸ்போர்ட், இப்போது வேலை. எதிர்ப்பு மனுவில் சில வாரங்களுக்குள் 25 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். 2026 ஜனவரியில் அந்தக் கட்டாயத்திலிருந்து அரசு பின்வாங்கியது. திட்டம் கைவிடப்படவில்லை. விருப்பத்தின் பேரில் நடக்கும் என்கிறார்கள்.